பொதுக்காடும் பொதுநாளும்

(வட்டத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நகரத்துக்குள் எஞ்சி நிற்கும் காட்டினை அதன் அயலில் வாழும் மக்கள் ஆண்டுக்கொரு நாள் கூடிச் சிறப்பிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இந்நாட்டில் அத்தகைய நாட்கள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்க முப்பது பேர் பின்னே செல்கின்றனர். சிறுவர்க்கு இலைகளால் முடி செய்து சூட்டுகின்றனர். ஒரு மேசையில் தேநீரும் பண்டமும், இன்னொரு மேசையில் வௌவால்களைப் பற்றிய துண்டறிக்கையும் இருக்கும். மழை வந்தால் கூட்டம் பாதியாகும். இவற்றில் குறை காண நான் வரவில்லை. எனினும், இந்த நாள் எதற்காக என்று ஒருவர் கேட்டால், 'காடு அழகாயிருக்கிறது, அதற்காக' என்னும் விடை போதுமா என்பதே என் ஐயம். அந்த ஐயத்தை நம் வீட்டு வாசலுக்கு அருகிலுள்ள ஒரு காட்டினைக் கொண்டே ஆராய விரும்புகிறேன். அது எப்பிங் காடு.

நம்மவர் பலருக்கு அந்தப் பெயர் தொலைவில் உள்ள ஒன்றாகத் தோன்றும். உண்மையில் அக்காட்டின் தென்கோடி நாம் நாள்தோறும் காணும் இடந்தான். மேனர் பார்க் முருகன் கோயிலில் வழிபாடு முடித்து வடக்கே சற்று நடந்தால் வீடுகள் சட்டென்று நின்றுபோய் ஒரு பெரும் புல்வெளி விரியும். வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் எனப்படும் அவ்வெளி எப்பிங் காட்டின் பகுதி. அங்கிருந்து வடக்கே எப்பிங் நகர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்துக்கு, இடையிடையே ஒடுங்கியும் அகன்றும், 2,400 ஹெக்டேர் பரப்பில் அக்காடு கிடக்கிறது. ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் தமிழர் ஒருவர், முல்லைத் திணை தம் தெருவுக்கு அப்பால் தொடங்குகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. முல்லைக்குக் காடு மட்டும் போதாது, ஆநிரையும் வேண்டும் என்பீர்கள். ஆநிரையும் இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஆங்கிலத்தில் 'காமன்' என்று வழங்கும் நிலத்துக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது? ஊர்ப்பொது எனலாம், மந்தைவெளி எனலாம், மேய்ச்சற் புறம்போக்கு எனலாம். வரிவிதிப்புக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. ஒருவர்க்கும் தனித்து உரியதாகாமல் ஊரார் யாவர்க்கும் பயன்பட்ட நிலம் அது. இன்று அந்தச் சொல் தெருச் சண்டையில் வசையாகி நிற்கிறது. சென்னையில் மந்தைவெளி என்னும் பெயர் இருக்கிறது, மந்தை இல்லை. பொதுவில் இருந்த பொருள் கைநழுவும்போது அதன் பெயருக்கு நேர்வன இந்த இரண்டு கதிகளே போலும்: ஒன்று வசையாகும், மற்றொன்று பேருந்து நிறுத்தமாகும். சொற்களோடு பழகுவோர் கூடிய அவையாதலால் இதைச் சொல்லி வைத்தேன்.

எப்பிங் காடு பொதுக்காடாக இருந்த முறை நாம் நினைப்பது போன்றதன்று. யாருக்கும் சொந்தமில்லாத காடு அன்று அது. மண் பண்ணைப் பிரபுக்களுக்குரியது. அதில் திரியும் மானும் வேட்டை உரிமையும் மன்னருக்குரியவை. சுற்றியுள்ள ஊர்களில் நிலம் உடையோர் தம் மாடுகளை அங்கே மேய்க்கலாம். லௌட்டன் போன்ற சில ஊர்களில் குடியிருப்போர், குளிர்காலத்தில் மரக்கிளைகளைக் கழித்து விறகு கொள்ளலாம். ஆக, ஒரே மண்ணின் மேல் நான்கு தரப்பாருக்கு நான்கு வகை உரிமை இருந்தது. ஒருவர் உரிமையை இன்னொருவர் அழிக்கவியலாது. மன்னருடைய மானுக்காகவே காடு காக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் மன்னர் வேட்டையை மறந்த பின்னும் மாடு மேய்ப்போரும் விறகு வெட்டுவோரும் காட்டை மறக்கவில்லை.

லௌட்டன் மக்களின் கிளை கழிக்கும் உரிமை நவம்பர் 11 நள்ளிரவில் தொடங்கி ஏப்ரல் 23-இல் முடியும். மரத்தை அடியோடு வெட்டக்கூடாது. ஆள் உயரத்துக்கு மேலுள்ள கிளைகளை மட்டுமே கழிக்கலாம். அந்த உயரத்துக்குக் காரணம் உண்டு. கழித்த இடத்திலிருந்து கிளைக்கும் இளந்தளிர் மாட்டுக்கும் மானுக்கும் எட்டக்கூடாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே மரத்தில் விறகு கிடைக்கும். அடிமரம் தடித்து முண்டும் முடிச்சுமாகப் பருக்க, அதன் தலையில் இளங்கிளைகள் கொத்தாக நிற்கும். இவ்வாறு கழித்துவந்த மரம் கழிக்காத மரத்தினும் நீண்டு வாழும் என்பது இன்று மரநூல் வல்லார் யாவரும் ஒப்பும் செய்தி. பாட்டனும் பேரனும் ஒரே மரத்தில் விறகு கொண்டனர், மரமோ இருவர்க்கும் மூத்ததாய் நின்றது.

இங்கே ஒரு விதி மிகவும் கவனிக்கத்தக்கது. நவம்பர் 11 நள்ளிரவு மணி அடிக்கும்போது ஊரார் யாரேனும் காட்டுக்குச் சென்று முதல் வெட்டு வெட்டியாக வேண்டும். ஓராண்டு தவறினாலும் உரிமை போய்விடும் என்று ஊரார் நம்பினர். ஆகவே ஆண்டுதோறும் அந்த இரவில் ஊர் திரண்டது. தீ மூட்டினர், குடித்தனர், பாடினர், கோடரியுடன் காத்திருந்தனர். அந்த இரவு திருவிழாவாகவும் சட்டச் செயலாகவும் ஒருங்கே இருந்தது. இதனையே நான் காட்டு நாளின் மூலவடிவம் என்பேன். ஒரு கதையும் வழங்குகிறது. உரிமையை ஒழிக்க எண்ணிய நிலக்கிழார் ஊராரை அந்த இரவில் விருந்துக்கு அழைத்து மது வார்த்தாராம். எல்லோரும் மயங்கியிருக்க, தாமஸ் வில்லிங்கேல் என்னும் முதியவர் மட்டும் மெல்ல நழுவிக் காட்டுக்குப் போய் நள்ளிரவில் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து விருந்து மேசையருகே நின்றாராம். கதை நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லிய மக்கள் தம் உரிமை எதில் தங்கியிருந்தது என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

வில்லிங்கேல் கதைமாந்தர் மட்டுமல்லர், வரலாற்று மாந்தர். அவர் காலத்தின் நெருக்கடியைச் சுருங்கச் சொல்கிறேன். அயலிலே ஹெய்னோல்ட் காடு என்று ஒன்று இருந்தது. 1851-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் அதன் காட்டுத் தகுதியை நீக்கியது. சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஓக் மரங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டன. எப்பிங்கிலோ, 1850-களில் தொடங்கி அரசு தன் வேட்டை உரிமையைப் பண்ணைப் பிரபுக்களுக்கு விற்றது. அரசு விலகியதும் வேலிகள் முளைத்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் எஞ்சியிருந்த காட்டில் பாதி வேலிக்குள் போயிற்று. லௌட்டனின் பிரபு ஜான் விட்டேக்கர் மெயிட்லண்ட் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்தார். அவர் அவ்வூரின் பாதிரியாரும் ஆவார். ஞாயிறுதோறும் ஊராருக்கு அறம் உரைத்த வாயே திங்கட்கிழமை வேலிக்கும் ஆணையிட்டது.

வில்லிங்கேல் குடும்பத்தார் வேலியைப் பொருட்படுத்தாமல் வழக்கம்போல் கிளை கழித்தனர். 1866-இல் அக்குடும்பத்து இளைஞர் சிறை சென்றனர். அதே ஆண்டு, முந்தைய ஆண்டில் தோன்றியிருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் துணையுடன் அந்த ஏழை விறகு வெட்டி தம் பிரபுவின் மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியுமுன் 1870-இல் அவர் இறந்தார். வழக்கும் அவரோடு இறந்தது.

இதன் பின்னர் நடந்ததை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார். இலண்டன் மாநகராட்சி தன் நகரத்தார் பிணங்களைப் புதைக்க ஆல்டர்ஸ்புரூக்கில் பண்ணை நிலம் வாங்கி 1856-இல் இடுகாடு திறந்திருந்தது. காட்டை ஒட்டிய அந்நிலத்துக்கு மாடு மேய்க்கும் உரிமை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே உலகத்தின் பணமெல்லாம் புரளும் மாநகராட்சி, சட்டத்தின் கண்ணில் எப்பிங் காட்டில் மாடு மேய்க்கும் குடியானவராயிற்று. அந்தத் தகுதியில் 1871-இல் பிரபுக்கள் மேல் வழக்குத் தொடுத்தது. பிரபுக்களின் வாதம், அவரவர் பண்ணைக் குடிகளுக்கு அவரவர் பண்ணையில் மட்டுமே உரிமை என்பது. மாநகராட்சியின் வாதமோ, மாடு பண்ணை எல்லை பார்த்து மேய்வதில்லை, பன்னெடுங்காலமாகக் காடு முழுதும் மேய்ந்திருக்கிறது, எனவே உரிமையும் காடு முழுதுக்கும் உண்டு என்பது. 1874 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் மாட்டின் பக்கம் தீர்ப்பளித்தார். வேலிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றாயின. இடுகாட்டில் உறங்கியோர் தம்மை அறியாமலே ஒரு காட்டினை மீட்டுத் தந்தனர்.

வழக்கு மட்டுமே காட்டைக் காத்தது என்று எண்ணிவிடக்கூடாது. 1871 ஜூலை 8 அன்று கிழக்கு இலண்டன் உழைப்பாளிகள் பெருந்திரளாக வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் கூடினர். அங்கே எழுந்த வேலிகளை எதிர்க்கவே கூடினர். கூட்டம் கலையுமுன் வேலி முறிந்தது. நாம் இன்று பிள்ளைகளைப் பந்து விளையாட அழைத்துச் செல்லும் வெளி அதுவே.

1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் நிறைவேறிற்று. காடு என்றென்றும் வேலியின்றி, கட்டடமின்றி, மக்களின் பொழுதுபோக்குக்கும் இன்பத்துக்கும் உரிய திறந்தவெளியாக இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. காவற்பொறுப்பு மாநகராட்சிக்குச் சென்றது. இன்று வரையும் அவ்வாறே. நல்ல சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே சட்டம் லௌட்டன் மக்களின் கிளை கழிக்கும் உரிமையை முடித்தும் வைத்தது. ஈடாக 7,000 பவுன் வழங்கப்பட்டது. அப்பணத்தின் துணையால் 1884-இல் 'லாப்பிங் ஹால்' என்று ஒரு மண்டபம் ஊரில் எழுந்தது. நம் வழக்கில் சொன்னால் 'கிளை கழிப்போர் மண்டபம்'. இன்றும் அதில் நாடகமும் கூட்டமும் நடக்கின்றன. வில்லிங்கேல் பெயரில் ஒரு சாலையும் ஒரு பள்ளியும் உள்ளன. பறிக்கப்பட்ட உரிமைக்கு ஒரு மண்டபமும் ஒரு சாலைப் பெயரும் கிடைப்பது உலக வழக்கம். லௌட்டன் மக்களுக்காவது அந்த மண்டபம் பயன்படுகிறது.

1879 நவம்பர் 11 நள்ளிரவில் கடைசிக் கழிப்பு நடந்தது. ஆயிரக்கணக்கானோர் தீவட்டி ஏந்திக் காட்டுக்குச் சென்றனர் என்று வரலாறு குறிக்கிறது. விறகு தேவையில்லாதவரும் அன்று சென்றிருப்பர். மூன்று ஆண்டுகள் கழியுமுன், 1882 மே 6 அன்று விக்டோரியா அரசியார் சிங்ஃபோர்டு வரை இரயிலில் வந்து, வண்டியேறி ஹை பீச் என்னும் மேட்டுக்குச் சென்று, காட்டை மக்களுக்கு உரியதாக அறிவித்தார். வளைவுகளும் கொடிகளும் மேடையும் இசையும் இருந்தன. வரலாற்று நூல்களில் இந்த நாளே பெரிதாக எழுதப்படுகிறது. நான் அதனோடு உடன்பட மாட்டேன். முதல் நாளில் மக்கள் தம் கையால் ஒன்றைச் செய்தனர். இரண்டாம் நாளில் வழியோரம் நின்று பார்த்தனர். தமக்குத் தம் மூதாதையர் வழி வந்த ஒன்றை, அரசியார் கொடையாக ஏற்றுக் கை தட்டினர்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று என்பதற்கு மரங்களே சான்று. கழிப்பு நின்றதும், நூற்றாண்டுகளாகக் கழித்துப் பழகிய பல்லாயிரம் பீச் மரங்களும் ஹார்ன்பீம் மரங்களும் தலை கனத்து வளர்ந்தன. முன்பு கழித்த இடங்களில் விழுந்த வெயில் தரைக்கு எட்டாது போயிற்று. நிழல் மூடிய தரையில் பூச்செடிகள் குன்றின. பழைய அடிமரம் புதிய கிளைகளின் பாரம் தாங்காது பிளந்தது. அழகுக்காகக் காத்த காடு, பயன்பாட்டுக்காகக் காத்த காட்டினும் இருண்டது. நூறு ஆண்டுக்குப் பின்னர்தான், கடந்த நூற்றாண்டின் இறுதியில், காவலர்கள் மீண்டும் கோடரியும் வாளும் எடுத்துப் பழைய மரங்களை முறைப்படி கழிக்கத் தொடங்கினர்.

இந்த இடத்தில் கவிஞர் இருவரை நினையாமல் மேற்செல்ல என்னால் இயலாது. ஒருவர் வில்லியம் மாரிஸ். காட்டின் ஓரத்தில் வால்தம்ஸ்டோவில் 1834-இல் பிறந்து, சிறுவயதில் குதிரைக்குட்டி மேல் அக்காடு முழுதும் சுற்றியவர். 1895-இல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, எப்பிங்கில் காவலர்கள் மரங்களைத் தவறான முறையில் வெட்டுவதாகக் கேள்வியுற்று நாளேட்டுக்குக் கடிதங்கள் எழுதினார். அவர் பரிந்து பேசியது வானளாவிய ஓக் மரங்களுக்கன்று. கழிக்கப்பட்டு முண்டு முடிச்சாய் நின்ற ஹார்ன்பீம் மரங்களே அக்காட்டின் தனித்தன்மை, அதை ஒரு பூங்காவாகத் திருத்திவிடக்கூடாது என்பது அவர் வாதம். உழைப்பின் தழும்பை அழகென்று கண்ட கண் அது. நம்மிடையே காட்டைப் பாடும் கவிதைகளில் மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது, விறகுக்கட்டு அரிதாகவே இருக்கிறது.

மற்றவர் ஜான் கிளேர். உழவர் குடியில் பிறந்து, தம் ஊரான ஹெல்ப்ஸ்டன் 1809-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேலியடைக்கப்பட்டதைக் கண்டு ஆறாத் துயருடன் எழுதியவர். மனம் பேதலித்த நிலையில் 1837-இல் ஹை பீச்சில் இருந்த மனநல விடுதிக்குக் கொண்டுவரப்பட்டார். அரசியார் பின்னாளில் வந்து நின்ற அதே மேடு. தம் ஊரில் பொதுநிலம் பறிபோனதால் நொந்த கவிஞர் நான்கு ஆண்டுகள் நடமாடியது, அன்னை மடிபோல் இன்னும் திறந்து கிடந்த ஒரு பொதுக்காட்டில். 1841 ஜூலையில் அங்கிருந்து தப்பி, பசிக்குச் சாலையோரப் புல்லைத் தின்றவாறு நான்கு நாளில் எண்பது மைல் நடந்து தம் ஊரை அடைந்தார். ஹை பீச்சுக்கு மரம் பார்க்கச் செல்வோர் இந்த மனிதரையும் ஒருகணம் எண்ணலாம்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 1990-இல் 'காமன் கிரவுண்ட்' என்னும் அமைப்பு, டிசம்பர்த் தொடக்கத்தில் ஊரார் கூடித் தம் அயலிலுள்ள மரத்துக்கு அணி செய்யும் நாள் ஒன்றை இந்நாட்டில் தொடங்கிவைத்தது. துணியும் காகிதமும் விளக்கும் கட்டுவார்கள். ஆலமரத்தில் தொட்டில் கட்டியும் வேம்புக்கு மஞ்சள் துணி உடுத்தியும் பழகிய நமக்கு இது புதிதன்று. ஆங்கிலேயர்க்கு அது நினைவூட்ட வேண்டிய ஒன்றாயிருந்தது. இந்த எளிய வழக்கம் 1993-இல் வான்ஸ்டெட்டில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதே நான் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானது.

கிழக்கு இலண்டனின் குறுக்கே எம்11 நெடுஞ்சாலைக்கு ஓர் இணைப்புச் சாலை அமைக்க அரசு முனைந்தது. வான்ஸ்டெட்டில் ஜார்ஜ் கிரீன் என்னும் பொதுப்புல்வெளி, எப்பிங் காட்டின் துண்டுகளில் ஒன்று. சாலை அங்கே சுரங்கவழியாகச் செல்லும், ஆகவே புல்வெளிக்கு ஊறில்லை என்று அயலார் நம்பியிருந்தனர். மேலிருந்து தோண்டி மூடும் சுரங்கம் அது என்பது பின்னரே புரிந்தது. புல்வெளியில் 250 ஆண்டு முதிர்ந்ததாகக் கருதப்பட்ட செஸ்ட்நட் மரம் ஒன்று நின்றது. அதைச் சுற்றி வேலி எழுந்தது.

நவம்பர் 6 அன்று அம்மரத்துக்கு அணி செய்யும் நாள் என்று ஊரார் கூடினர். பிள்ளைகள் வந்தனர், முதியோர் வந்தனர். பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் பணிபுரிந்த ஒரு பெண்மணியும் பிள்ளைகளோடு வந்தார். கூட்டம் மரத்தை அணுகவிடாமல் வேலி தடுத்தது. சற்று நேரத்தில் வேலி சரிந்தது. உள்ளே சென்றோர் மரத்தைச் சுற்றித் தோண்டிக் குவித்திருந்த மண்ணைக் கைகளால் அள்ளி வேர்களின் மேல் போட்டனர். நவம்பர் மாதத்து ஈரமண், கையுறை இல்லாத கைகள். 1871-இல் அதே காட்டில் வேலி முறித்தோரின் பெயரர் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், அல்லது அவர்களெல்லாம் வேறெங்கோ குடிபெயர்ந்து, புதிதாய் வந்தோரே அங்கு நின்றிருக்கலாம். அதனால் வேறுபாடு ஒன்றும் இல்லை.

மரத்தின் மேல் ஒரு குடில் கட்டினர். அதில் ஆட்கள் தங்கினர். அந்த மரத்துக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஆம், மரத்தின் பெயருக்கே. அஞ்சற்காரர் கொண்டுவந்து சேர்த்தார். அஞ்சல் சேரும் இடம் குடியிருப்பாகும் என்ற வாதம் எழுந்தது. அது செல்லுபடியாகி, நீதிமன்ற ஆணை பெற்றே மரத்தைக் காலி செய்ய முடியும் என்னும் நிலை வந்தது. பிள்ளைகளும் முன்பின் அறியாதோரும் எழுதிய மடல்கள் சில வாரங்கள் ஒரு மரத்தைத் தாங்கிப் பிடித்தன. எழுத்துக்கு ஆற்றலில்லை என்று நம் கூட்டங்களில் சலித்துக்கொள்ளும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

டிசம்பர் 7 அன்று நூற்றுக்கணக்கான காவலர் சூழ, மரத்தில் இருந்தோரை ஒவ்வொருவராக இறக்கி, மரத்தை வீழ்த்தினர். ஒரு மரத்துக்கு ஒரு பகற்பொழுதின் பெரும்பகுதி தேவைப்பட்டது. சாலை 1999-இல் திறக்கப்பட்டது. இன்று அவ்வழியே வண்டியில் செல்லும்போது மேலே இருப்பது ஜார்ஜ் கிரீன் என்பதை அறிவோர் சிலரே. தோல்விதான். ஆயினும் அதே 1993 ஜூலையில், தேம்ஸுக்குத் தெற்கே பழம்பெரும் ஆக்ஸ்லியஸ் காட்டினூடே செல்லவிருந்த சாலைத் திட்டத்தை, அயலாரின் நீண்ட போராட்டத்துக்குப் பின்னர் அரசு கைவிட்டிருந்தது. அங்கே வெற்றி, இங்கே தோல்வி. இரண்டிலும் மக்கள் செய்தது ஏறத்தாழ ஒன்றே.

பொதுக்காட்டுக்கு வரும் நெருக்கடி எப்போதும் கொடியோரிடமிருந்தே வரும் என்றும் சொல்ல இயலாது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் வீடிழந்தோர்க்கு வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் வீடு கட்ட 1946-இல் வெஸ்ட் ஹாம் நகரமன்றம் முயன்றது. வீடற்றவனுக்கு வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்? அயலாரே சொன்னார்கள். நகருக்குள் ஏழைகளுக்கு எஞ்சிய ஒரே வெளி அது என்றார்கள். திட்டம் தள்ளப்பட்டது. 2012 ஒலிம்பிக் விளையாட்டின்போது காவல்துறை முகாமுக்காக 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தற்காலிகமாகத் திருத்தி அதே வெளியில் இடம் எடுத்தனர். திருப்பித் தந்துவிட்டனர் என்பதும் உண்மை.

அண்மை ஆண்டுகளில் அங்கே ஒரு புதிய வேலி தோன்றுகிறது. இளவேனிலில் எழும், கோடை முடிந்ததும் அகலும். தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்காக இடப்படும் வேலி அது. நாயோடு உலவுவோரின் கால்களிலிருந்து முட்டைகளைக் காக்க வேண்டியிருக்கிறது. வானம்பாடி என்ற பெயரில் 1970-களில் ஓர் இயக்கமே நடத்திய மொழி நம்முடையது. ஆனால் அந்தப் பறவை தரையிற் கூடு கட்டுவது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? வேலியை எதிர்த்து உயிர்பெற்ற காட்டில் இந்த வேலி முரணாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கிளை கழித்தோரும் கண்டபடி கழிக்கவில்லை. நாளுக்கு வரம்பு, உயரத்துக்கு வரம்பு, அடிமரத்தைத் தொடாத வரம்பு அவர்களுக்கு இருந்தன. காளான் பறிக்கக்கூடாது என்று இன்று எப்பிங் காட்டில் விதி இருப்பதும் அவ்வகையே. வரம்பைத் தானே ஏற்றுக்கொள்ளும்போதுதான் 'என்னுடையது' என்பது 'நம்முடையது' ஆகிறது.

முன்பு ஆநிரை பற்றிச் சொன்னேன். இந்தக் காட்டில் மாடு மேய்க்கும் உரிமை இன்னும் சட்டத்தில் உயிரோடிருக்கிறது. 1996 வரை மாடுகள் வான்ஸ்டெட்டுத் தெருக்களில் உலவி, தோட்டப் பூக்களைத் தின்று, சாலையை மறித்து நின்றன. அவ்வாண்டு மாட்டு நோய் நெருக்கடியால் மேய்ச்சல் நின்றது. 2002-இல் நீள்கொம்பு மாடுகள் மீண்டும் வந்தன. இப்போது அவற்றின் கழுத்துப்பட்டையில் செயற்கைக்கோளோடு பேசும் கருவி இருக்கிறது. எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்பி எச்சரிக்கிறது. ஜெசலின் தீர்ப்பைப் பெற்ற மாடுகள் எல்லை அறியாதவை. அவற்றின் வழித்தோன்றல்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத வேலி கற்பிக்கப்பட்டிருக்கிறது.

நண்பர்களே, நம்மில் ஒருவர் சென்ற முறை என்னிடம் கேட்டார்: 'அது அவர்கள் காடு, அவர்கள் நாள். நாம் போய் என்ன செய்வது?' அந்தக் கேள்விக்காகவே இத்தனையும் சொன்னேன். லௌட்டனில் கிளை கழிக்கும் உரிமை யாருக்கிருந்தது? இன்ன குலத்தார்க்கு என்றில்லை, இன்ன மதத்தார்க்கு என்றில்லை. ஊரில் குடியிருப்போர்க்கு இருந்தது. எங்கிருந்து வந்தாய் என்ற வினாவுக்கு அதில் இடமில்லை, எங்கே உன் அடுப்பு எரிகிறது என்பதே வினா. நம் அடுப்புகள் இக்காட்டின் தென்கோடியில் எரியத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஆகவே அடுத்த காட்டு நாளில் நாம் விருந்தினராகச் சென்று கவிதை வாசித்துத் திரும்புவதை நான் விரும்பவில்லை. கையுறை அணிந்து, குப்பை பொறுக்கவோ, புதர் அகற்றவோ, வானம்பாடி வேலிக்குக் கழி நடவோ செல்வோம். கவிதை அதன் பின்னர் வந்தால் வரட்டும்.

எழுதுவோர்க்கென்று தனியே ஒரு பணியும் உண்டு. அந்தக் காட்டின் மரங்கள் பலவற்றுக்கு நம்மிடையே வழங்கும் தமிழ்ப் பெயரில்லை. ஓக் என்கிறோம், பீச் என்கிறோம். பெயரில்லாத மரத்தின் கீழ் நம் பிள்ளைகள் தமிழில் விளையாட இயலாது. ஹார்ன்பீம் என்பதில் ஹார்ன் கொம்பு, கொம்பு போல் கடினமானது. பீம் என்பது பழைய ஆங்கிலத்தில் மரம். அதன் கட்டையில் ஆலைச் சக்கரத்தின் பற்களும் எருதின் நுகத்தடியும் செய்தனர். கொம்புமரம் என்று சொல்லுக்குச் சொல் வைக்கலாம். எனக்கு நுகமரம் என்று வைக்கத் தோன்றுகிறது. இதனினும் நல்ல பெயர் உங்களில் யாரிடமேனும் இருக்கும். இப்போதே எழுந்து சொல்லுங்கள், கேட்கிறேன்.